நின்ற காத்தாடிக்கு மூவாயிரம் சுற்று

என் வீட்டுக்காரர் பல் கட்டுகிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, ஒரு பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பவர். இந்த ஊரில் சிரிக்கிற வயதானவர்களில் பாதிப் பேர் இவர் தயவில்தான் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருத்தருக்கும் இவரைத் தெரியாது. முப்பது வருஷமாகக் கையில் ஒரு குட்டி அரவை இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, கொய்ங் என்ற சத்தத்துக்கு நடுவில் அடுத்தவர் வாய்க்காக அரைத்துக்கொண்டிருக்கிறார்.

அது பிழைப்பு. உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்கு வெளியே இருக்கும் காலி மைதானத்துக்குப் போனால், பத்துப் பன்னிரண்டு ஆண்கள், நரைத்த தலையும் அரைக்கால் சட்டையுமாக, ஆளுக்கொரு பொம்மை விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொம்மை என்று சொன்னால் அவர்கள் முகம் சுண்டிவிடும். 'மாடல்' என்று சொல்ல வேண்டும். முன்னால் சுற்றுவதைக் காத்தாடி என்று சொல்லக் கூடாது, 'புரொப்பல்லர்' என்று சொல்ல வேண்டும். நான் காத்தாடி என்றுதான் சொல்வேன்.

அந்தக் கூட்டத்தில் இவருக்குப் பெயர் 'காது'. சும்மா வைத்த பெயர் இல்லை. அந்த விமானங்களின் எஞ்சின் ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அதன் பக்கத்தில் ஊசி என்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்தால் எரிபொருள் கூடும், மூடினால் குறையும். கூடிப்போனால் எஞ்சின் சோம்பேறி மாதிரி பொடபொட என்று ஓடும். குறைந்துபோனால் கீச்சென்று அலறும், சூடேறும், ஆகாயத்தில் இருக்கும்போதே நின்றுவிடும். நின்றால் ஆறு மாத வேலை தரையில் தூள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறதாம். அதைக் காதால் கண்டுபிடிப்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாரும் எஞ்சினை இவரிடம்தான் கொண்டுவருவார்கள். இவர் கண்ணை மூடி, ஊசியைத் தொட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு, "இதான். இனி யாரும் கை வைக்காதீங்க" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் குடிநீர் வாரியத்தில், புகார் பிரிவில் இருக்கிறேன். காலை பத்து மணிமுதல் தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வருகிறது, குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்று ஊர்ப்பட்ட குறையெல்லாம் என் காதில்தான் வந்து விழும். அத்தனையும் பொறுமையாகக் கேட்பேன். வீட்டுக்கு வந்து நான் இரண்டு வார்த்தை பேசினால் கேட்க ஒரு ஆள் இல்லை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். இவரோ எதற்கும் 'ம்' என்பார். கரன்ட் பில் கட்டினீர்களா என்றாலும் 'ம்'. கட்டியிருக்க மாட்டார். "இந்த மனுஷன் நான் சொல்றது எதையும் கேக்கறதே இல்ல" என்று இரண்டு வருஷமாக என் தம்பியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லா மனைவிமாரும் சொல்வதுதானே என்று அவனும் விட்டுவிட்டான்.

இதற்கிடையில் எங்கள் வாரியத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் புதுக் கிளை திறக்கிறார்கள், தானாக வர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. அதே சம்பளம், அதே நாற்காலி. எனக்கு அங்கே போக என்ன தலையெழுத்து? ஆனால் வீட்டில் கேட்டுப் பார்க்கத் தோன்றியது. துணி மடிக்கும்போது ஒரு தடவை, இவர் ஒரு இறக்கையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை, இவர் முகச்சவரம் செய்யும்போது ஒரு தடவை, "நான் அந்த ஊருக்குப் போகட்டுமா?" என்று கேட்டேன். 'ம்' என்றார். 'சரி' என்றார். மூன்றாவது தடவை 'ம், சரி' என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் கேட்டேன். முப்பது வருஷம் கூட இருந்தவளை இப்படி ஒற்றை எழுத்தில் வழியனுப்பி வைத்தால் எப்படி இருக்கும்? அழுகை வந்தது. அழுதால் கேவலம் என்று கோபப்பட்டேன். மறுநாளே பெயரைக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அங்கே போய்ச் சேர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மைதானத்தில் விமானங்கள் விழ ஆரம்பித்தன. முதலில் ஒரு தையல்கடைக்காரருடையது. அப்புறம் பேக்கரிக்காரர் எட்டு மாதமாகச் செய்தது. மூன்றாவதாக, அதே கூட்டத்தில் விமானம் விடுகிற என் தம்பியுடையது. மூன்றும் ஒரே மாதிரி, மேலே போனதும் எஞ்சின் நின்று விழுந்தவை. மூன்றுக்கும் ஊசி வைத்தவர் இவர். "எண்ணெய் சரியில்ல" என்றார் இவர். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பேக்கரிக்காரர் அடுத்த வாரம் தன் எஞ்சினைத் தானே திருகிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

என் தம்பி ஒரு டாக்கோமீட்டர் வாங்கி வந்தான். சோப்புப் பெட்டி அளவு. ஒரு முனையில் சின்னக் கண் மாதிரி ஒரு துளை, மேலே எண் காட்டும் திரை. சுற்றுகிற காத்தாடிக்குப் பின்னால் நின்று அதை நீட்டினால், காத்தாடியின் இறக்கை வெளிச்சத்தை எத்தனை தடவை மறைக்கிறது என்று எண்ணி, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லிவிடும். காத்தாடிக்கு இரண்டு இறக்கையா மூன்றா என்று மட்டும் நாம் முதலில் சொல்ல வேண்டும். நேரில் கொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"அக்கா, நீயே மாமாகிட்ட குடு. நான் குடுத்தா காதை நம்பலையாடான்னு கேப்பார்."

"நான் குடுத்தா மட்டும் ஆரத்தி எடுப்பாரா?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிவந்தேன்.

இவர் அதைக் குப்புறப் போட்டுப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். மாடியறையில் ஒரு பேட்டரி மோட்டாரில் காத்தாடியை மாட்டி மெதுவாக ஓடவிட்டு மீட்டரை நீட்டினார். மூவாயிரம் என்று காட்டியது. வேகத்தைக் கூட்டினார். மூவாயிரம். இன்னும் கூட்டினார். அதே மூவாயிரம். மோட்டாரை அணைத்தார். காத்தாடி அசையாமல் நின்றது. திரையில் மூவாயிரம்.

அன்றைக்கு அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "நின்ன புரொப்பல்லருக்கு மூவாயிரமாம். உன் தம்பி நல்ல ஜோசியக்காரன்கிட்ட வாங்கியிருக்கான்." அந்த வாரம் முழுக்க டாக்டர், கம்பவுண்டர், பால்காரர் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதையே சொல்லிச் சிரித்தார்.

புகார் பிரிவில் இருப்பவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எதுவானாலும் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படிப்போம். மீட்டர் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். டியூப் லைட் நம் கண்ணுக்கு நிதானமாக எரிகிறதே தவிர, விநாடிக்கு நூறு தடவை மின்னுகிறதாம். மீட்டர் அந்த மினுக்கலை எண்ணிவிடும். இரண்டு இறக்கை என்று வைத்திருந்தால் கணக்கு மிகச் சரியாக மூவாயிரம் வரும். வீட்டுக்குள் அளக்காதே, வெயிலில் அள. டியூப் லைட்டில் மூவாயிரம் காட்டினால் மீட்டர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாடிக்கு ஓடினேன். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு இறக்கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். தாளை முழுசாகப் படித்துக் காட்டினேன். கடைசியில், "ஆகமொத்தம் இந்த ரூம்ல டியூப் லைட் ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன். எதற்கும் லேட்டாக எரிகிறவர் என்று யாரைச் சொன்னேனோ அவர் கோபப்படவில்லை. 'ம்' என்றார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே மூவாயிரம் கதையைச் சொல்லக் கிளம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மைதானத்தில் நல்ல வெயில். தம்பி ஒட்டிச் சரிசெய்த விமானத்தைப் பலகையில் கட்டிவைத்திருந்தான். இவர் எஞ்சினைக் கிளப்பி ஊசியைத் திருகினார். நான் இவர் முதுகுக்குப் பின்னால் நின்று மீட்டரை எட்டி நீட்டினேன். எண் ஏறியது. பதினோராயிரத்து ஐந்நூறு, பன்னிரண்டாயிரம். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் மூடினார். கையை எடுத்தார். "இதான். இனி யாரும் கை வைக்காதீங்க."

யாரும் கை வைக்கவில்லை. எண் தானாக இறங்கியது. பன்னிரண்டாயிரம், பதினோராயிரத்துத் தொள்ளாயிரம், எழுநூறு. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அலறுகிற ஒன்று மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. சுற்றி நின்றவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இவர் மட்டும் நல்ல பாட்டுக் கேட்கிறவர் மாதிரி நின்றார். "சத்தம் இறங்குது பாருங்க" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினேன். எஞ்சின் திக்கித் திணறி நின்றுவிட்டது.

மைதானமே அமைதியாகிவிட்டது. "நான் சொன்னது கேக்கலையா?" என்றேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். தள்ளி நின்ற தையல்கடைக்காரர் திரும்பினார். அவருக்கும் அப்பால் நின்ற பேக்கரிக்காரர் திரும்பினார். என் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற இவர் திரும்பவில்லை. குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் பார்வையும் தன் முதுகுக்குப் பின்னால் போவதைப் பார்த்த பிறகுதான் திரும்பி, "என்ன?" என்றார்.

இரண்டு வருஷமாக 'கேட்பதில்லை, கேட்பதில்லை' என்று தம்பியிடம் புலம்பியது நான்தான். சொன்னது சத்தியமான உண்மை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்றுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அதையும் நான் கவனிக்கவில்லை.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல வேலை செய்யற இடத்துல கொய்ங் சத்தம் கொறஞ்சுது. மிஷின் ரிப்பேர்னு நெனச்சேன். அப்புறம் குருவி சத்தம் போச்சு. அப்புறம் நீ."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அங்க என்னைக் கூப்பிடற பேரே காது. அது போச்சுன்னு தெரிஞ்சா ஊசியை யார் என் கையில குடுப்பாங்க?"

"சரி, அவங்ககிட்ட மறைச்சீங்க. என்கிட்ட எதுக்கு எல்லாத்துக்கும் ம் போட்டீங்க?"

"நீ ஏதாவது நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது? அடுத்த ஞாயிறு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர் தன் வாயாலேயே மைதானத்தில் எல்லாரிடமும் சொன்னார், மூன்று விமானத்துக்கும் மன்னிப்புக் கேட்டார். பேக்கரிக்காரர் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து இவர் பக்கத்தில் நின்றார். "நான் நம்பரைப் பாத்துக்கறேன், நீங்க ஊசியைப் பிடிங்க. எனக்குக் கை நடுங்குது" என்றார். ஊசியைக் கொஞ்சம் திறந்து, உச்ச வேகத்துக்கு முந்நூறு சுற்றுக் கீழே வைத்தார்கள். அன்றைக்கு ஒன்றும் விழவில்லை. காது டாக்டரிடம் போனது, அவர் கொடுத்த கருவியைப் போட்டுக்கொண்டு முதல்நாள் குக்கர் சத்தத்துக்கு இவர் துள்ளிக் குதித்தது எல்லாம் பிறகு.

அன்று மேஜையில் எனக்கு வேறொரு விஷயம் பாக்கி இருந்தது. "ஒண்ணாந்தேதி நான் கிளம்பறேனே, அதுக்கும் ம்னுதானே சொன்னீங்க" என்றேன்.

"எங்க கிளம்பற?"

சொன்னேன். முந்நூறு கிலோமீட்டர், புதுக் கிளை, பெயர் கொடுத்தது, எல்லாம். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"மூணு தடவ கேட்டேன்."

"எனக்கு ஒரு தடவகூடக் கேக்கல."

நாற்காலியை அவர் முட்டியில் இடிக்கிற அளவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். முகத்துக்கு நேராக, ஒவ்வொரு எழுத்தாக, நாலாவது தடவை கேட்டேன். "நான் போகட்டுமா?"

"வேணாம்" என்றார். அதோடு விட்டாரா? யோசனை இல்லாமல் எவளாவது பெயரைக் கொடுப்பாளா, அந்த ஊர்த் தண்ணிக்கு உனக்கு முடி கொட்டும், நான் என்ன செத்தா போயிட்டேன் என்று ஆரம்பித்தார். நான் விடுவேனா? கட்டாத கரன்ட் பில்லிலிருந்து தொடங்கினேன். சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை வாய் ஓயாமல் சண்டை போட்டோம். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு சண்டை போட்டு.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "நீங்களா முன்வந்து குடுத்த பேர்தானேம்மா? என்ன காரணம்னு போட?"

"வீட்ல வேணாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றேன். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, அதையே பக்கத்து நாற்காலிக்காரியிடம் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.