சந்தனம் பூசிய தலை

சென்னையில் இரண்டாவது கீமோ முடிந்து திருத்தணிக்குத் திரும்பிய பிறகு தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. அப்போது வயிற்றில் ஆறு மாதம். மார்பகப் புற்றுக்கு ஏற்றும் மருந்து பிள்ளையைப் பெரும்பாலும் பாதிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்க விடவில்லை. பிள்ளை உதைக்காத நேரமெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

மாமியார் சந்தனத்தைக் குழைத்து என் தலையில் அப்பினார். "யாராவது கேட்டா மலையில வேண்டுதல்னு சொல்லு" என்றார். மொட்டைத் தலைகள் தினமும் மலையிறங்கி வரும் ஊரில் இதைவிட நல்ல பொய் கிடைக்காது. எனக்குச் சந்தன வாசனையே குமட்டியது. சண்டை போடத் தெம்பில்லை.

ஆனால் பிள்ளைத்தாய்ச்சி மொட்டை போடக்கூடாது என்பதை அவசரத்தில் அவர் மறந்துவிட்டார். பெண்டாட்டி உண்டானால் புருஷன்கூட முடி வெட்டிக்கொள்ளாத தெரு எங்களுடையது. குழாயடியில் எதிர்வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துல புள்ளைய வச்சிகினு யாராவது மொட்டை போடுவாங்களா? புள்ளைக்கு ஏதாவது ஆனா இன்னா பண்ணுவ?"

நானே விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். அவர் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "மொட்டை போடலக்கா. மார்ல கேன்சர். மருந்துல கொட்டிப்போச்சு. போதுமா?" என்றேன். அவர் என் குடத்தைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்ததும் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மொட்டைக்குன்னா நாலு நாள் திட்டிட்டு விட்டுடுவாங்க. இது தெரிஞ்சா, ஒட்டிக்கும்னு பயந்துகினு புள்ளைய யாருடி தொடுவாங்க?" எனக்கு அது தோன்றவே இல்லை. நல்லபடியாகப் பிறந்தால் போதும் என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

பெண் குழந்தை. ஒரு குறையுமில்லாமல் பிறந்தாள். எனக்கு இன்னும் மருந்து ஏற்ற வேண்டியிருந்ததால் தாய்ப்பால் கூடாது என்று சொல்லி, பால் வற்ற மாத்திரை கொடுத்தார்கள்.

அடுத்த கீமோவுக்குப் பிறகு எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு மத்தியானம், எதிர்வீட்டு அக்கா யாரும் கூப்பிடாமலே வந்தார். குழந்தையை மடியில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்தார். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தாள். மாமியார் சமையலறைக்குப் போய் அழுதார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நன்றியெல்லாம் அப்புறம்தான் வந்தது. அப்போது எனக்கு வெறும் பொறாமை.