கடைசிப் பத்து நிமிட இங்கிலீஷ்

டார்ச் அக்கா ஒரு படத்தை முதலிலிருந்து பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. சினிமா தியேட்டரிலேயே வேலை பார்ப்பவளைப் பற்றி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் நிஜம் அதுதான். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்கு ஆள் விடுவதற்குள் அரங்கு முழுக்கப் பெருக்கியாக வேண்டும். அதற்காகப் படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே துடைப்பம், கறுப்புப் பை, டார்ச் சகிதம் உள்ளே போய் வெளிவாசல் கதவோரம் நின்றுவிட வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். அந்தப் பத்து நிமிடம்தான் அக்காவின் சினிமா. யார் யாரைக் காதலித்தார்கள், எதற்காகப் பிரிந்தார்கள், வில்லன் அப்படி என்னதான் செய்தான், ஒன்றும் தெரியாது. திரையில் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், ரயில் கிளம்பும், விளக்கு எரியும். உடனே இவள் குனிந்து பாப்கார்ன் பொறுக்க வேண்டியதுதான்.

வீட்டில் டிவி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வீட்டுக்காரர் காலமான அதே வருடம் அதுவும் படுத்துவிட்டது. ரிப்பேர் செய்து யாரோடு உட்கார்ந்து பார்ப்பது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

இருக்கிற ஒரே மகன் வெளிநாட்டில். அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய் ரிஜிஸ்டர் கல்யாணமும் ஆகிவிட்டது. மருமகளுக்குத் தமிழ் சுத்தமாக வராது, மாமியாருக்கு இங்கிலீஷ் அதைவிடச் சுத்தம். வீடியோ காலில் அவள் கையாட்டுவாள், இவள் கையாட்டுவாள். அவள் சிரிப்பாள், இவளும் சிரிப்பாள். அதற்குமேல் இருவருக்கும் போக்கிடம் இல்லை. மகன் போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். ‘சாப்பிட்டியாம்மா’ என்று கேட்கச் சொன்னால் அது என்னத்தைச் சொல்லித் தொலைத்ததோ, அந்தப் பெண் பதறிப்போய் மகனைக் கூப்பிட்டாள். அதோடு அதற்கு ஒரு கும்பிடு.

அன்றைக்குத்தான் அக்காவுக்கு ரோஷம் வந்தது. மூன்றாவது அரங்கில் இங்கிலீஷ் படம்தான் ஓடும், கீழே தமிழில் எழுத்து வரும். எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா? காதால் ஒன்றைப் பிடித்து, கண்ணால் அதற்கு அர்த்தம் பிடித்து, பெருக்கி முடிக்கிறவரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். பெருக்கி முடித்தவுடன் கேன்டீனுக்குப் போய் ஒப்பிப்பாள்.

கேன்டீன் கவுன்டரில் இருப்பவரை எல்லோரும் பாப்கார்ன் அண்ணன் என்பார்கள். அக்காவைவிடச் சின்னவர், வாய் மட்டும் பெரியது. உடைந்துபோய் விற்க முடியாத பஃப்ஸை அக்காவுக்கென்று எடுத்து வைப்பார். சாப்பாட்டு விஷயத்தில் அக்காவும் வஞ்சனை வைக்கமாட்டாள். பஃப்ஸின் மேல் அடுக்கை மட்டும் தனியாக உரித்து, கண்ணை மூடிக்கொண்டு நொறுக்கி, அப்புறம்தான் உள்ளே இருக்கிற முட்டைக்கு வருவாள்.

“என்னக்கா, இன்னிக்கு என்ன பாடம்?”

“ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் யூ. ஒருத்தர் சாகப்போறப்ப மகன்கிட்ட சொன்னாரு.”

“செத்தாத்தான் சொல்லணுமா அதை?”

“அதை மொதல்லேர்ந்து பார்த்தவங்கள கேளு. நான் போனப்ப அவரு படுத்துட்டாரு.”

இப்படியே அக்கா ஒரு மூட்டை இங்கிலீஷ் சேர்த்துவிட்டாள். டேக் கேர். ஐ ஃபர்கிவ் யூ. இட்ஸ் ஆல் ஓவர். யூ ஆர் சேஃப் நவ். வி டிட் இட். ஒருநாள் இதையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, நீ படிச்சதெல்லாம் போறவங்க பேசற பேச்சால்ல இருக்கு? வர்றவங்ககிட்ட என்ன பேசுவ?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். வாங்க, உட்காருங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, இதெல்லாம் படத்தின் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. “உனக்குத் தெரிஞ்சா சொல்லிக் குடேன்” என்றாள். அண்ணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கவுன்டரோடு சரி. ஸ்மால் ஆர் லார்ஜ் என்று சொல்லிக் கொடுத்தார். அதையும் மூட்டையில் போட்டுக்கொண்டாள்.

வேலை முடிந்துபோனால் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, நாலு நாற்காலி போட்ட மேஜை. ஒரு ஆளுக்குச் சமைக்கிற மாதிரி எரிச்சலான வேலை உலகத்தில் கிடையாது. மீன் வாங்கினால் கடைக்காரர், “இவ்வளவுதானா?” என்று ஒரு பார்வை பார்ப்பார். தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்கும். அதனாலேயே அக்கா மதியச் சாப்பாட்டைத் தியேட்டருக்கே கட்டிக்கொண்டு வந்து, ஆளில்லாத மூன்றாவது அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வெள்ளைத் திரையைப் பார்த்தபடி சாப்பிடுவாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் நாற்காலியாவது வரிசையாக இருக்கிறதே.

இதெல்லாம் மகனுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிய விட்டால்தானே. எப்போது கேட்டாலும், “எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்” என்பாள். அப்படித்தான் ஒருநாள் அவன் போனில் சொன்னான்: “அம்மா, இங்க ஒப்பந்தம் முடியுது. நம்ம ஊர்லயே ஒரு கம்பெனி கூப்பிடுது. அவளுக்கும் வர சம்மதம்தான். நீ ஒரு வார்த்தை சொன்னா வந்துடறோம். இல்லன்னா இங்கயே நிரந்தரமா கையெழுத்துப் போடணும், வீடும் வாங்கணும்.”

ஒரே ஒரு வார்த்தை. ‘வாடா’ என்றால் முடிந்தது. அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? “உன் பொழப்பைப் பாருடா, எனக்காகல்லாம் எதையும் கெடுத்துக்காத.” போனை வைத்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. அவளுடைய அம்மாவும் அப்படித்தான், அத்தைகளும் அப்படித்தான். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வேண்டும் என்பதை வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லை. அடுத்தவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்ள வேண்டும், புரியாவிட்டால் உள்ளுக்குள்ளேயே புழுங்க வேண்டும்.

“நேர்ல வந்து பேசிக்கலாம்” என்று ஒரு வார லீவில் மகன் மனைவியோடு வந்து இறங்கினான். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. இந்த ஒரு வாரத்தில் மருமகளுக்கு இந்த வீடு பிடித்துவிட வேண்டும், அவளே புருஷனிடம் இங்கே இருந்துவிடலாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவள் போட்ட கணக்கு. தான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும் பாருங்கள்.

இரண்டாம் நாள் மகன் ஏதோ ஆபீசுக்கு அலையப் போய்விட்டான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். மொழிபெயர்க்க ஆளில்லை. அக்கா மீனைப் பொரித்து, குழம்பைச் சுட வைத்து, தட்டை வைத்துவிட்டு, சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“ஸ்மால் ஆர் லார்ஜ்?”

அந்தப் பெண் கண்ணை அகல விரித்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, “லார்ஜ்” என்றாள்.

அதில் அக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரை அருகில் நகர்த்தி, “யூ ஆர் சேஃப் நவ்” என்றாள். குழம்பின் காரத்தில் அந்தப் பெண்ணின் மூக்கு சிவந்தபோது, தோளைத் தடவிக் கொடுத்து, “இட்ஸ் ஆல் ஓவர்” என்றாள். மீன் முள்ளை விட்டுவிட்டு மொத்தமும் காலியானதும் இரண்டு கையையும் தூக்கி, “வி டிட் இட்” என்றாள். மருமகள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டு அக்காவும் சிரித்தாள். இவர்கள் வருவதற்கு முன் அந்த மேஜையில் இரண்டாவது தட்டு வைத்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று நினைத்தவுடன் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்துபோய் இன்னொரு மீனைக் கொண்டுவந்து போட்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மருமகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய்ப் பாப்கார்ன் அண்ணனிடம் காட்டினாள். அண்ணன் கைகட்டி நின்று, “ஸால்ட் ஆர் கேரமல்?” என்று கேட்டார். அந்தப் பெண் கதவோரம் அக்காவோடு கடைசிப் பத்து நிமிடம் நின்று பார்த்தாள், விளக்கு எரிந்தவுடன் தானும் குனிந்து காலிக் கோப்பைகளைப் பொறுக்கினாள். வேண்டாம் என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள், அவள் கேட்கவில்லை. வீடு பிடித்துவிட்டது, ஆளும் பிடித்துவிட்டது. அக்காவுக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கிளம்புகிற நாள் வந்துவிட்டது. வாசலில் டாக்ஸி நின்றது. மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவன் நடையிலேயே நின்றான்.

“அம்மா, கடைசியா கேக்கறேன். அந்தக் கம்பெனிக்கு இன்னிக்குள்ள பதில் சொல்லணும். நிஜமா சொல்லு, நீ ஒத்தையில இருந்துக்குவியா?”

தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் பழைய வாய் முந்திக்கொண்டது.

“எனக்கென்னடா? கல்லு மாதிரி இருக்கேன். வேலைக்குப் போறேன், வர்றேன், நாலு பேரைப் பார்க்கறேன். நீ போய் உன் பொழப்பைப் பாரு.”

“அப்ப வேண்டாம்னு எழுதிடறேன்” என்றான். அவன் குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே போனில் தட்டி அனுப்பிவிட்டுப் பெட்டியோடு வண்டிக்கு நடந்தான்.

மருமகள் வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். வழியனுப்பும்போது சொல்வதற்கென்று அக்கா ஒரு வரி தயாராக வைத்திருந்தாள். எத்தனையோ படத்தில், மற்றவர்களைப் போகவிட்டு நிற்கிறவர்கள் சொல்கிற வரி. கோ, ஐ வில் பி ஃபைன். நீ போ, நான் நன்றாக இருப்பேன். முந்தின நாளெல்லாம் சொல்லிப் பார்த்த வரி, நாக்கில் தண்ணீராக ஓடிய வரி. வாயைத் திறந்தாள்.

“டோன்ட் கோ” என்றாள்.

தமிழில் ஆயுசுக்கும் வராதது இங்கிலீஷில் வந்துவிட்டது. அம்மாவும் அத்தைகளும் அந்த மொழியில் அவளுக்குக் காவல் நிற்கவில்லை. “ப்ளீஸ். டோன்ட் கோ” என்று இன்னொரு தடவையும் சொன்னாள். மருமகளின் பிடி இறுகியது.

டிக்கியில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்த மகன் திரும்பினான். “அம்மா? என்ன சொன்ன?”

அவன் தமிழில் கேட்டான், அவள் தமிழுக்குத் திரும்பிவிட்டாள்.

“சினிமாடா. நேத்து படத்துல ஒருத்தி சொன்னா. வாய்ல வருதான்னு சொல்லிப் பார்த்தேன்.”

“அதான பார்த்தேன்” என்று அவன் சிரித்தான். “ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்மா.” மனைவியிடமும் சிரித்தபடி இங்கிலீஷில் எதையோ சொன்னான். அதில் மூவி என்ற வார்த்தை மட்டும் அக்காவுக்குப் புரிந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அக்கா தமிழில் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்பது அவளுக்குத் தெரியாது, ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனிடம் கொஞ்சம் கடுமையாக ஏதோ கேட்டாள். அவன் கடிகாரத்தைக் காட்டினான், டிரைவர் ஹாரன் அடித்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அக்கா கூடவே இரண்டு எட்டு ஓடினாள், அதற்கப்புறம்தான் மருமகள் பிடியை விட்டாள்.