பழசு அக்காவும் வாசல் கேட்டும்

ஆபீசில் அவளை எல்லோரும் பழசு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அட்டையைக் காட்டினால் கேட் திறக்கிற மென்பொருளை ஊருக்கெல்லாம் விற்கிற கம்பெனி அது. வருஷா வருஷம் ஒரு புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்து இறங்கும். மற்றவர்கள் அதற்கு நாலு வசதி சேர்த்துவிட்டு கேக் வெட்டுவார்கள். பதினாறு வருஷப் பழைய கணினியிலும் அதே கேட் திறக்கிறதா என்று பார்க்கிற வேலை பழசு அக்காவின் தலையில்.

"நீ என்னதாம்மா வேலை பண்றே?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாம பாத்துக்கறேன்டி."

"அப்ப ஒண்ணுமே பண்றதில்லையா?"

மேனேஜரும் ஒன்பது வருஷமாக அவளுடைய மதிப்பீட்டில் இதையேதான் எழுதிவந்தார், கொஞ்சம் நாகரிகமாக. போன மாதம் அவருக்கு ஞானோதயம் பிறந்தது.

"பழைய சிஸ்டத்தை இன்னும் யாரு வச்சிருக்கா?"

"ஒரே ஒரு மெஷின் தினமும் ஓடுது சார். எங்க இருக்குன்னு பாத்துட்டு அப்புறம்..."

"ஒரு மெஷினுக்கு ஒரு ஆளா? தூக்குங்க!"

பழைய அட்டைப் பட்டியலைப் புது மென்பொருளுக்குப் புரியவைக்கிற அவளுடைய எண்ணூறு வரி நிரலைத் தூக்கினார்கள். அப்படியே அவளையும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேறு வேலை கிடைக்கவில்லை, வீட்டில் சொல்லத் தைரியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் மொத்தமும் தெருவில் நின்றது. விடியற்காலையில் புதுப் பதிப்பு தானாகவே வந்து ஏறியதிலிருந்து கேட் யாரையும் உள்ளே விடவில்லை. வாட்ச்மேன் அறையில், மேசைக்கு அடியில், தூசி மண்டிய ஒரு கணினி. அந்த ஒரே ஒரு மெஷின் அதுதான். ஊருக்கெல்லாம் புதுசு விற்ற மகாராஜாக்கள் தங்கள் வாசலில் பழசையே போட்டு வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்குப் பெரிய வாடிக்கையாளர் வருகிறார். மேனேஜர் அவளிடம் ஓடிவந்தார்.

"அக்கா, உங்கள விட்டா யாரு இருக்கா?"

அவர் வாயிலிருந்து 'பழசு' இல்லாமல் வெறும் 'அக்கா' வந்தது அன்றைக்குத்தான். இனி நம்மை அனுப்பமாட்டார்கள் என்று அவளுக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கடைப்படியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, எண்ணூறு வரிகளையும் பழையபடி சேர்த்து அனுப்பினாள். இருபது நிமிஷம். கேட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

மேனேஜர் முதல் ஆளாக, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். மற்றவர்களும் வரிசையாகப் போனார்கள். கடைசியாக அவள் அட்டையைக் காட்டினாள். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். சிவப்புதான்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "நேத்து சாயங்காலமே உங்க பேரை எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா."

லேப்டாப்பை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"கேட் மறுபடி நின்னுட்டா என்னம்மா பண்றது?"

"நிக்காதுண்ணே," என்றாள். "அது நான் பண்ணினது."