தேநீர் வேளையில் கணக்கு மட்டும்

ஜெர்மனியின் பான் நகரில் எனக்கு ஆய்வு வழிகாட்டியாக வாய்த்தவர் ஓர் ஆங்கிலேயர். தூய கணிதக்காரர். பகா எண்களைத் தவிர உலகத்தில் எதையும் மதிக்காதவர். தன் ஆராய்ச்சியால் ஒருவருக்கும் ஒரு சல்லிப் பிரயோசனமும் இல்லை என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. குண்டு செய்கிறவனுக்கும் உதவாது, பாலம் கட்டுகிறவனுக்கும் உதவாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னேரம் அவர் அறையில் தேநீர். தானே கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து மாணவர்களுக்கும் ஊற்றித் தருவார். தேயிலை எங்கள் நாட்டுத் தேயிலை. எங்கள் நாட்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. அந்த வேளையில் கணக்குத்தான். வேறு எதையாவது தொடங்கினால் சுவரைப் பார்ப்பார்.

எண்பத்தைந்தில் ஒரு நாள் எசன் நகரிலிருந்து அக்கா தொலைபேசியில் அழுதாள்.

"தம்பியை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களாம். உன்ரை வெள்ளைக்காரனைக் கேளடா. அவரின்ரை மச்சான் கொழும்பிலை தூதரகத்திலை எண்டு சொன்னனியெல்லோ?"

சொன்னேன்தான். வெள்ளைக்காரன் ஒருவன் முகாமில் விசாரித்தால் சில பெடியன்களை விட்டுவிடுகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதுவும் உடனே விசாரிக்க வேண்டும்.

என்னோடு படித்த மதுரைக்காரன் வாசலிலேயே மறித்தான். "டீ டைம்ல வேண்டாம்டா. சார் டென்ஷன் ஆயிடுவார்."

கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். எல்லோரும் போகும்வரை நின்று மறுபடி கேட்டேன்.

"பிடித்ததை யார் பார்த்தது?"

"ஊரில் சொல்கிறார்கள்."

"சொல்வது நிரூபணம் ஆகாது. உன் தம்பி வீடு திரும்பவில்லை. உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் யாரையும் தொந்தரவு செய்ய முடியாது."

குரலில் கோபம்கூட இல்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

பலகை முழுக்க அவர் வாரக்கணக்காக எழுதிவந்த நிரூபணம். மூலையில் அழிக்க வேண்டாம் என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. நான் டஸ்டரை எடுத்து மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். அவர் போட்ட கூச்சலில் மதுரைக்காரன் ஓடிவந்தான். எனக்கு நன்றாக இருந்தது. நினைத்தால் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

வேறு வழியில்லாமல், கெஞ்சிப் பார்க்கலாமென்று மறுநாள் போனேன். நிரூபணம் ஒரு வரி குறையாமல் பலகைக்குத் திரும்பியிருந்தது. என் தம்பி திரும்பவேயில்லை.