பச்சையம்மா முன்னே, பள்ளிக்கூடம் பின்னே

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை என்பது பாதி பாடம், பாதி கத்தல். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் உட்கார்ந்திருக்க, இந்த மூலைக்கு வாய்ப்பாடும் அந்த மூலைக்கு அரிச்சுவடியும் ஒற்றை ஆளாக நடத்தியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள். நான் அப்படிக் கத்திப் பிழைத்தது மலாயாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்கார சர்க்கார் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சி காலத்தில்.

புது மாணவி

பால்மரம் வெட்டும் முனியம்மா ஒரு நாள் தன் மகள் பச்சையம்மாவைக் கையோடு இழுத்து வந்தாள். எட்டு வயது இருக்கும். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அதுவரை கைக்குழந்தைகளோடு ஆயாக் கொட்டகையில் இருந்தவள், இப்போது தொட்டிலில் தூங்கும் பிள்ளைகளையெல்லாம் தூக்கிக் கீழே விட்டு விளையாட்டுக் காட்டுகிறாளாம். ஆயா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. காது உள்ள பிள்ளைகளுக்கே என் பாடம் ஏறுவதில்லை. "இவளுக்கு நான் என்னம்மா சொல்லித் தர முடியும்? இப்பவே தொண்டை கட்டிக் கிடக்கு" என்றேன். முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவளுக்குக் கத்தவே வேணாம்லா வாத்தியாரே, உங்க தொண்டைக்கு ஓய்வுதானே?"

அமைதியான வகுப்பு

பச்சையம்மாவை முன் பெஞ்சில், வாயாடி செல்விக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். செல்வி சிலேட்டில் எழுதுவதை அவள் அப்படியே பார்த்து எழுதுவாள். செல்வியின் தப்புகளும் ஒன்று விடாமல் வந்து சேரும். அதற்கும் செல்வியைத்தான் திட்டுவேன்.

கொஞ்ச நாளில் வகுப்பு அமைதியாகிவிட்டது. என் கண்டிப்பு வேலை செய்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன். பச்சையம்மாவோடு பேசப் பழகிய பிள்ளைகள், தங்களுக்குள்ளும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் கத்தி இழுப்பது போல் கையைச் சாய்த்தால் அம்மா. நெற்றிக்கு மேல் கையை வைத்தால் தொப்பி போட்ட தோட்டத்துத் துரை. உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் 'நில்'. காதைத் திருகினால் நான். ஒரு நாள் வகுப்பு முழுவதும் காதைத் திருகிக் குலுங்கியது. பிரம்பை எடுத்தேன். செல்வி எழுந்து நின்றாள்.

"நாங்க யாருமே பேசலையே வாத்தியாரே, உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா?"

முள்வேலி

காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் ரோட்டோரம் ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். என்னையும் உள்ளேதான் குடிவைத்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் வெளியே தங்கிவிட்டது. கேட்டில் துப்பாக்கியோடு காவல். "பெர்ஹெந்தி!" என்று கத்தினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். சோற்றுச் சட்டி முதல் சிலேட்டுப் பை வரை சோதனை நடக்கும்.

ஒரு காலையில் காவலாள் கத்த, எல்லோரும் நின்றோம். பச்சையம்மா மட்டும் பட்டாம்பூச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்தாள். மறுபடியும் கத்தினான். துப்பாக்கி தோளுக்கு ஏறிவிட்டது. செல்வி பாய்ந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். நான் குறுக்கே ஓடி, அது காது கேட்காத பிள்ளை என்று கத்தினேன்.

அந்தப் பிள்ளை இனி கேட்டைத் தாண்டக் கூடாது என்று அன்றே துரை உத்தரவு போட்டார். முனியம்மா வேலைக்குப் போகும்போது மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். நான் அந்தப் பக்கம் போனால் பச்சையம்மா ஜன்னலில் நின்று தன் காதைத் திருகிக் காட்டுவாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. நேரே ஆபீசுக்குப் போய், துரைக்குக் கணக்கெழுதும் கிராணியிடம் சண்டை பிடித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது பள்ளிக்கூட விஷயமில்ல வாத்தியாரே, துப்பாக்கி விஷயம், துரைதான் என்ன செய்வாரு?"

அடையாளத் துணி

என் மூளை சும்மா இருக்குமா? தூரத்திலேயே தெரியும்படி அவள் கையில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டிவிட்டால், காவலாள் அடையாளம் கண்டு விட்டுவிடுவான் அல்லவா? மாரியம்மன் கோயிலில் கொடுத்த துணி முனியம்மாவிடம் இருந்தது. நல்ல சிவப்பு. சாமி துணி என்பதால் காவலுக்குக் காவலும் ஆச்சு என்று இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

அதைக் கேட்டில் கொண்டுபோய்க் காவலாள் ஹசானிடம் காட்டினேன். கோலா பிலா பக்கத்து மலாய்ப் பையன், தோட்டமொன்றை ஒட்டி வளர்ந்ததால் தமிழ் பேசுவான்; வாத்தியாரை மட்டும் மலாயில் 'சிக்கு' என்பான். அன்று துப்பாக்கியைத் தூக்கியவனும் அவன்தான். அதற்குப் பிறகு அவனுக்கும் சோறு இறங்கவில்லையாம். துணியைப் பார்த்ததும் அவன் இரண்டடி பின்னால் போனான்.

"சிக்கு, காட்டுல உள்ளவன் தொப்பில என்ன கலர் நட்சத்திரம்? உங்களுக்கு வேற துணியே கெடைக்கலையா?"

ஒத்திகை

கூட வந்திருந்த செல்விதான் வழி சொன்னாள். கத்தாமல் உள்ளங்கையைக் காட்டினால் பச்சையம்மா நின்றுவிடுவாளாம். "பார்க்கலன்னா?" என்றான் ஹசான். அவளை வரிசையின் நடுவில் விட்டால்தான் பராக்குப் பார்ப்பாள், முன்னால் விட்டுப் பொறுப்பைக் கொடுத்தால் கண்ணை எடுக்க மாட்டாள் என்றாள் செல்வி. வேலிக்குள்ளேயே பிள்ளைகள் பழகினார்கள். ஹசானும் கை காட்டிப் பழகினான். கிராணி சொல்லி, துரை ஒரே ஒரு தடவை வந்து பார்க்கச் சம்மதித்தார். அவள் நிற்காவிட்டால் பூட்டுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

அன்று பச்சையம்மா முன்னால் நடந்தாள், பள்ளிக்கூடம் பின்னால் போனது. நான் பக்கவாட்டில், வாலில் வந்த பொடியன்களைத் திரும்பித் திரும்பி அதட்டிக்கொண்டே நடந்தேன். ஹசான் கையை உயர்த்தினான். பச்சையம்மா நின்றாள். அவள் நின்றதும் வரிசையே நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை. ஹசான் வேறு வழியில்லாமல் "பெர்ஹெந்தி!" என்று கத்தியும், என் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை. கேட்டின் குறுக்குக் கட்டை வயிற்றில் இடித்தபோதுதான் திரும்பினேன். பச்சையம்மா என்னை முறைத்து, உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். காரியம் கெட்டது என்று நினைத்தேன். துரை கிராணியின் காதில் ஏதோ சொன்னார்.

"பிள்ளை போகலாமாம் வாத்தியாரே, உங்களை வெளியே விடலாமான்னுதான் துரை யோசிக்கிறாரு."

பூட்டு

மறுநாள் காலையில் வாளியும் கையுமாகப் பால்வெட்டுக்குப் போகும் வழியில் முனியம்மா என்னை நிறுத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டையும் சாவியையும் என் கையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் அதே குரல்.

"பள்ளிக்கூட அலமாரிக்குப் போட்டுக்குங்க வாத்தியாரே, எங்க வீட்டுல இனிமே இதுக்கு வேலையில்லலா."

தொண்டை கிழியக் கத்திச் சம்பளம் வாங்கிய என் தொழிலில், ஓர் உயிரைக் காத்த பாடம் என்னவோ பிள்ளைகள் எனக்குத் தெரியாமல், சத்தமே இல்லாமல் நடத்திக்கொண்டதுதான்.