அப்பா எதிர்பார்க்கும் மாத்திரை

“நீ செய்யற மாத்திர எப்பம்மா கடைக்கு வரும்?” ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து காணொளி அழைப்பில் அப்பா கேட்கும் கேள்வி இது.

நான் இருப்பது நெதர்லாந்தில் ஒரு சிறு நகரம். என் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினால், நிறையத் தண்ணீர் கொடுங்கள், இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று மருத்துவர் புன்னகையோடு அனுப்பிவிடுகிறார். ஊரில் என்றால் கைநிறைய மருந்தோடு திரும்பியிருப்பேன். பொறுத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான் என்று இந்த நாடு என்னை மெல்லப் பழக்கியது. அப்பா பொறுத்திருப்பது அப்படியல்ல. அவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. மாத்திரை மட்டும் இனிப் போதாது, இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும் என்று அங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பா போட்டுக்கொள்ளவில்லை. மகள்தான் வாயால் விழுங்கும் மருந்து செய்கிறாளே என்கிறார்.

அண்ணாமலை நகரில் நான் எம்.ஃபார்ம் படித்தபோது, ஒரு சனிக்கிழமை சிதம்பரம் பஸ் பிடித்து என் ஆய்வகத்துக்கே வந்தார். கொழுப்பை உருக்கி, மருந்தைச் சேர்த்து, சுடுநீரில் வேகமாகச் சுழற்றி ஆறவைத்தால், கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாக உறையும். மருந்து அதற்குள் தங்கிவிடும். பால் போலிருந்த அந்தக் கலவையைக் காட்டி, “இன்சுலின வாயால குடுத்தா வயிறு செரிச்சிடும்பா. இந்தக் கொழுப்புக்குள்ள வச்சா குடல் வரைக்கும் பத்திரமா போவும்” என்றேன். ‘போவும்’ என்றல்ல, ‘ஒருவேளை போகலாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே நெதர்லாந்து ஆய்வகத்திலும் எனக்கு அதே வேலைதான். எலிகளுக்குக் கொடுத்தால் இரத்தத்தில் சேர்வது சொற்பம். சில வாரங்கள் வைத்திருந்தால் கொழுப்பு இன்னும் ஒழுங்காக இறுகி, உள்ளிருக்கும் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. உடன் வேலை செய்யும் டச்சுக்காரர் ஒருவரிடம், என் அப்பா நம் துகள்களை நம்பி இருக்கிறார் என்று கவலையோடு சொன்னேன். அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு, காபிக் கோப்பையை உயர்த்தி அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னார்.

போன வாரம் அப்பாவிடம் உடைத்தே சொல்லிவிட்டேன். “இன்னும் எலிக்குத்தான்பா குடுக்கறோம். மனுசனுக்கு வருமான்னே தெரியாது. நீங்க ஊசி போட்டுக்குங்க.”

“எலிக்கு ஒத்துக்கிட்டா எனக்கு ஒத்துக்காதா?” என்று சிரித்தார். “பத்தாவதுல பெயிலாயிடுவேன்னு அழுதுட்டு ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவதான நீ. என்னிக்கு தைரியமா பேசியிருக்க?”

எல்லாவற்றுக்கும் பயந்தே பேசி வளர்ந்தவள் நான். இப்போது உண்மையாகவே பயப்படும்போது அவருக்கு அது என் வழக்கமான அடக்கமாகத் தெரிகிறது.

ஊசி மருந்து வீட்டு ஃபிரிட்ஜில் முள்ளங்கிக்கும் மோருக்கும் நடுவே பிரிக்காமல் கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். இங்கே ஆய்வகக் குளிர்பெட்டியில் என் பெயர் ஒட்டிய குப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அப்பாவைக் காப்பாற்றும் மருந்து அங்கே. அவர் நம்பும் மருந்து இங்கே. மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் என் கையாலேயே ஊசி போட்டுவிடட்டுமா? ஆய்வு தோற்றுவிட்டது என்று ஒரு பொய் சொல்லட்டுமா? தூரத்திலிருந்தே பெற்றோரைச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.