நாத்தனாரின் கன்னமும் அடுப்பு மீட்டரும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். இன்று என் பேக்கரியில் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். அடுப்புக்கு முன்னால் நிற்கும் உரிமை மட்டும் ஒருத்திக்குத்தான்: என் நாத்தனாருக்கு.

சூடு காட்டும் மீட்டரெல்லாம் எங்களிடம் கிடையாது. அடுப்புக் கதவைத் திறப்பாள், இடது கன்னத்தைக் காட்டுவாள், "போடலாம்" என்பாள். இருபது வருடம் ஒரு ரொட்டி தப்பியதில்லை. அந்தக் கன்னத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்தியது யார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பத்தேழாவது வயதில் அந்தக் கன்னம் பொய் சொல்ல ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் நான்கு முறை ரொட்டி வெளுத்து, நடுவில் பச்சை மாவாக வந்தது. ஈஸ்டை மாற்றினேன். அடுப்பு கட்டிய கொத்தனாரை வரவழைத்துத் திட்டினேன். அவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அடுப்பு கல்லு மாதிரி இருக்கும்மா, ஆளைப் பாருங்க" என்று கிளம்பிவிட்டார்.

மீட்டர் வாங்கி மாட்டினேன். நாத்தனாரின் முகம் தொங்கிப்போனது.

"அப்ப என்னைக் கல்லாவுல உக்கார வச்சிருவீங்களா அண்ணி?"

"நீயும் மீட்டர் முள்ளும் ஒரு வாரம் மோதுங்க. தோத்தா கல்லாதான்."

மூன்றாம் நாள் காலை. அடுப்பு மூட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "போடலாம்" என்றாள்.

"அடியே, இன்னும் கதவையே திறக்கலையே!"

இருவரும் முள்ளைப் பார்த்தோம். அது படுத்திருந்தது. அவள் முகமோ செக்கச்செவேல்.

"மாசா மாசம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன்.

"மூணு மாசமா ஆளையே காணோம். அதுக்கு முன்னாடி பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை வந்துச்சு. ராத்திரியில படுக்கையே நனைஞ்சுபோகுது. எல்லாம் அடுப்புச் சூடுன்னு நெனச்சேன் அண்ணி."

"வீட்டுப் படுக்கைக்குள்ளயா அடுப்பு வச்சிருக்க?"

அன்றே அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ரத்தம் எடுத்துப் பாருங்க" என்றேன்.

"நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்குப் பெரும்பாலும் அது வேண்டாம்மா. இவங்க சொல்றதே போதும். மாதவிடாய் நிக்கப்போற காலம் இது. முழுசா ஒரு வருஷம் வராம இருந்தாத்தான் நின்னுடுச்சுன்னு அர்த்தம். இந்தச் சூட்டுக்கு மருந்து இருக்கு."

"சூடு அடுப்புல இல்ல, இவகிட்டதான்னு நான் மாட்டின மீட்டர் முந்தியே சொல்லிடுச்சு" என்றேன்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? "அண்ணி நாப்பத்தெட்டு வயசுல ஒரே மாசத்துல மூணு பேரை வேலைய விட்டு விரட்டினாங்க டாக்டர். அதையும் எழுதிக்குங்க."

அந்த மூன்று பேரும் சோம்பேறிகள். அது வேறு கதை.

இப்போதெல்லாம் கன்னம் சுட்டால் அவள் முதலில் முள்ளைத்தான் பார்க்கிறாள். முள் ஏறவில்லை என்றால், "இது என்னுது" என்று ஒரு தட்டை எடுத்து விசிறிக்கொள்கிறாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் ரொட்டி உள்ளே போகிறது. கல்லாவில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.